துறைமுகத்தைச் சுற்றிய கொடுவா

மருந்துக்கடைக்காரருக்கு உலகத்தில் இரண்டே பயம். ஒன்று, டாக்டர் எழுத்தைத் தப்பாகப் படித்துவிடுவோமோ என்பது. இன்னொன்று, சம்பந்தியம்மா. முதல் பயம் வந்தால் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுக்கொள்வார். இரண்டாவதற்கு மருந்து அவர் கடையிலேயே கிடையாது.

சம்பந்தியம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். காரில் இடது பக்கம் உட்கார்ந்தால் பழகுகிறவருக்கு மட்டுமல்ல, எதிரே வருகிற லாரிக்காரருக்கும் சேர்த்துப் பாடம் நடத்துவார். கண்ணாடியை ஏற்றியிருந்தாலும் வெளியே கேட்கிற குரல். கல்யாணத்தன்று பெண் வீட்டார் வந்த பஸ் வழி தவறி ஊரையெல்லாம் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தபோது மண்டப வாசலிலேயே நின்று, "வழி தெரியலைன்னா நிறுத்திக் கேக்கணும். தெரிஞ்ச மாதிரியே போகக் கூடாது" என்று டிரைவரைப் பார்த்துச் சொன்னார். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டு வந்தவர் மருந்துக்கடைக்காரர்தான். அந்தச் சொல் தன் மேல் பட்ட இடத்தை அவர் இன்னும் தடவிப் பார்த்துக்கொள்வதுண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில்தான் அவருக்கு நிம்மதி. கடையைப் பூட்டிவிட்டு, தூண்டில்கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விடுவார். அலைத்தடுப்புச் சுவரின் முனையில் ஒரு தட்டையான பாறை இருக்கிறது. அதில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். வருடக்கணக்காகப் போகிறார், பெரிய மீன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் சிக்கியதில்லை. அவருடைய மனைவி, "இவர் போறது மீன் பிடிக்க இல்லைங்க, மீனுக்குச் சாப்பாடு போட" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். சொல்லிவிட்டுப் போகட்டும். அங்கே யாரும் தலைவலிக்கு என்ன மாத்திரை என்று கேட்பதில்லை. அதுவே போதும் அவருக்கு.

அந்த நிம்மதிக்குத்தான் மகள் உலை வைத்தாள். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து இருவரும் கிளம்பிப் போனதில் சம்பந்தியம்மா வீட்டில் தனி ஆளானார். மாப்பிள்ளை விட்டுப் போன தூண்டில் ஒன்று அலமாரிக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. அதை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டு, இதை எப்படிப் பிடிப்பது என்று அந்தம்மா மருமகளிடம் போனில் கேட்க, மருமகள் யோசிக்காமல், அப்பாவோடு போங்கள் அத்தை என்று சொல்லிவிட்டாள். அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முதல் ஞாயிறு அவர் எப்படி எறிவது என்று காட்டிக் கொடுத்தார். அந்தம்மா மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார். அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, வாரநாட்களில் வகுப்பு முடிந்ததும் டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் ரிவர்ஸ் எடுக்கப் பழகும் கூம்புகளை வரிசையாக வைத்துவிட்டு, கொக்கி இல்லாமல் வெறும் ஈயக்குண்டைக் கட்டி, ஒவ்வொரு கூம்பின் மேலும் விழுகிற மாதிரி எறிந்து பழகுகிறார் என்று. மாதங்கள் சில போயின. இப்போது அந்தம்மா எறிந்தால் தூண்டில் நரம்பு வானத்தில் கோடு கிழித்தது போலப் போய், சொன்ன இடத்தில் சத்தமில்லாமல் விழுந்தது. மருந்துக்கடைக்காரர் எறிந்தால் பாதி நாள் பாறை இடுக்கில் போய் மாட்டியது. வயிற்றில் கொஞ்சம் எரிந்தது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கோடு கிழிவதை ஓரக்கண்ணால் பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

இன்னொன்றும் கவனித்தார். தூண்டில் கையில் இருக்கும்போது சம்பந்தியம்மா பேசுவதே இல்லை.

அன்றைக்கு ஞாயிறு. ராத்திரி பெய்த மழை விட்டு, தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. முனைப் பாறை வரை போக முடியாமல் காற்று அடித்ததால், இருவரும் துறைமுகத்துக்கு உள்ளேயே, ஐஸ் கிடங்குக்குப் பக்கத்தில் நின்று எறிந்தார்கள். அந்தம்மா உயிர் இறாலைக் கொக்கியில் கோத்து, இரண்டு படகுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் விட்டார். இறால் மூழ்கிய கையோடு கழி வில்லாக வளைந்தது. ரீல் வீறிட்டது.

மருந்துக்கடைக்காரர் முதலில் அடியில் ஏதோ கயிற்றில் மாட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தார். அப்போது எதிரே, தண்ணீர் பிளந்து ஒரு மீன் மேலே வந்தது. கொடுவா. முழு உடம்பும் வெளியே வந்து, வாயை அகலத் திறந்து, தலையை இப்படியும் அப்படியும் உதறிவிட்டு, கதவைச் சாத்தியது போன்ற சத்தத்தோடு விழுந்தது. தண்ணீர் இருவர் முகத்திலும் தெறித்தது. அவர் தன் தூண்டிலைப் பின்னால் தரையில் போட்டுவிட்டுக் கைவலையைத் தேடி எடுத்தார்.

மீன் கரையோரமாகவே ஓட ஆரம்பித்தது. அதில்தான் சங்கடம். அந்தப் பக்கம் முழுக்கப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மீன் படகுகளுக்கு வெளிப்பக்கமாகப் போகிறது. அந்தம்மா நிற்பதோ கரை மேல். நடுவில் படகுகளும், அவற்றைக் கட்டிய கயிறுகளும். நின்ற இடத்திலேயே நின்றால் நரம்பு முதல் படகின் மூக்கில் உரசி அறுந்துவிடும்.

சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றி உதறினார். முதல் படகின் மேல் ஒரு பெயின்டர் நின்று கைப்பிடிக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இவருக்கும் முன்பின் பழக்கமில்லை.

"தம்பி, பிரஷ்ஷைக் கீழ வைங்க" என்றார் அந்தம்மா. "இந்தக் கழியைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கமா நடந்து போய் என்கிட்ட குடுங்க. இழுக்காதீங்க. நிமிர்த்தியே பிடிங்க. அது ஓடினா ஓடட்டும்."

வண்டியில் முதன்முதலாக உட்காருகிறவரிடம் பேசுகிற அதே குரல். ஆனால் அதில் அதட்டல் இல்லை என்பதை மருந்துக்கடைக்காரர் அன்றைக்குத்தான் கேட்டார். உன்னால் முடியும், முடியாமல் போக என்ன இருக்கிறது என்கிற மாதிரி ஒரு குரல். பெயின்டர் மறுபேச்சில்லாமல் பிரஷ்ஷை வைத்தார். கழியை வாங்கிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிப் போகிறவர் போலப் படகின் வெளி விளிம்பில் அடிமேல் அடி வைத்து நடந்து, அந்தக் கடைசியில் காத்திருந்த அந்தம்மாவிடம் கொடுத்தார். கழி முழுக்க நீல விரல் அடையாளம். கொடுத்துவிட்டு அவர் பெயின்ட் டப்பாவுக்குத் திரும்பிப் போகவில்லை. கரைக்குக் குதித்து அவர்களோடு வந்தார்.

இரண்டாவது படகில் ஆள் இல்லை. அந்தம்மா சுற்றும் பார்த்துவிட்டு, மருந்துக்கடைக்காரரிடம் கழியை நீட்டினார். "பிடிங்க சம்பந்தி. நான் அந்தப் பக்கம் ஏறி வாங்கிக்கறேன்."

வலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படகில் ஏறி அவர் கழியை வாங்கினார். அந்த நிமிஷத்தை அவரால் பிற்பாடு யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. நரம்பு வழியாக ஒரு உயிர் அவர் கைக்கு வந்தது. தலையை ஆட்டுவது தெரிந்தது. திரும்புவது தெரிந்தது. அது மூச்சு வாங்குவதுகூடத் தெரிந்தது போலிருந்தது. இத்தனை வருஷம் தண்ணீரின் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அடியில் என்ன நடக்கிறது என்று யாரோ கையைப் பிடித்துக் காட்டியது போல இருந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை அவருக்கு. சூடான பாத்திரத்தைக் கைமாற்றுகிறவர் மாதிரி அவசரமாகக் கொண்டுபோய் அந்தம்மாவிடம் சேர்த்தார்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஐஸ் கிடங்கு ஆட்கள் தோளில் சாக்கோடு வந்து நின்றார்கள். டீசல் பம்புக்காரர் படகுக்கு ஊற்றிக்கொண்டிருந்த குழாயை நிறுத்தினார். மூன்றாவது படகில் சமையல்காரர், நான்காவதில் வலை தைக்கிற அண்ணன் தம்பி என்று கழி கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவரிடமும் அந்தம்மா அவரவர்க்கு வேண்டியதைத்தான் சொன்னார். பதற்றப்பட்ட சமையல்காரரிடம் நிதானமாகச் சொன்னார். தன் வீரத்தைக் காட்ட நினைத்து இழுக்கப் பார்த்த தம்பிக்காரரிடம், "உங்க பலம் எனக்குத் தெரியும், மீனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். அண்ணன் சிரித்துவிட்டார், தம்பி கையைத் தளர்த்தினார்.

படகு வரிசை முடிகிற இடத்தில் மஞ்சள் சங்கிலி போட்டிருக்கும். அதைத் தாண்டிப் பயணிகள் படகுத்துறை. அங்கே தூண்டிலோடு யாரும் போகக் கூடாது. போனால் காவலாளி விசில் ஊதியே உயிரை எடுப்பார். அன்றைக்கும் விசில் அவர் வாயில்தான் இருந்தது. சம்பந்தியம்மா நேராக அவரை நோக்கி நடந்தார், கழி வளைந்தபடி, வெறுங்காலோடு, பின்னால் பாதித் துறைமுகத்தை இழுத்துக்கொண்டு. காவலாளி அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவர் டிரைவிங் டெஸ்டில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, அந்தம்மா விடாமல் உட்கார வைத்துப் பழக்கியதில்தான் கடைசியில் தேறினாராம். விசிலை எடுத்துப் பையில் போட்டுவிட்டுச் சங்கிலியை அவிழ்த்தார். "மேடம், இந்தப் பக்கம் தரை வழுக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பயணிகள் படகு உள்ளே வந்தது. மீன் அப்போது துறைமுகத்தின் நட்டநடுவில் இருந்தது. நரம்பு தண்ணீருக்கு மேலே விறைத்துக்கொண்டு படகின் பாதைக்குக் குறுக்கே கிடந்தது. வலை தைக்கிற அண்ணன், அவ்வளவுதான், அறுந்தது என்று முணுமுணுத்தார். மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொள்ளப் போனார்.

அந்தம்மா படகுத்துறையின் படிக்கட்டில் இறங்கி, கழியின் நுனியைத் தண்ணீருக்குள்ளேயே முக்கினார். ரீலின் பிடியை முழுக்கத் தளர்த்திவிட்டார். இவ்வளவு நேரம் விட்டுக்கொடுக்காமல் பிடித்து வந்ததை, போ என்று அனுப்பி வைத்த மாதிரி. நரம்பு தொய்ந்து, மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் அமிழ்ந்து காணாமல் போனது. படகு அதன் மேலேயே போனது. மேல்தட்டில் இருந்த பயணிகள், எதற்கு இத்தனை பேர் கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று புரியாமல் கையசைத்தார்கள். யாரும் பதிலுக்கு அசைக்கவில்லை. படகு கடந்து, அது கிளப்பிய நுரை அடங்கியதும், அந்தம்மா ரீலைச் சுற்றத் தொடங்கினார். தொய்வு, தொய்வு, இன்னும் தொய்வு. பிறகு கழி மறுபடி வளைந்தது.

கரையில் எழுந்த சத்தத்தில் ஐஸ் கிடங்குக் கூரையிலிருந்த புறாவெல்லாம் பறந்தன. மருந்துக்கடைக்காரரும் கத்தினார். கத்தியது தான்தான் என்று பக்கத்தில் நின்ற பெயின்டர் திரும்பிப் பார்த்த பிறகே அவருக்குத் தெரிந்தது. இந்த அம்மாவை நாம் இத்தனை நாள் சரியாகப் பார்க்கவில்லையே என்று தோன்றியது.

மீன் களைத்துவிட்டது. பக்கவாட்டில் சாய்ந்து, வெள்ளி மின்ன, படிக்கட்டை நோக்கி வந்தது. "சம்பந்தி, வலை" என்றார் அந்தம்மா.

மருந்துக்கடைக்காரர் பாசி படிந்த கடைசிப் படிவரை இறங்கினார். முழங்கால் வரை தண்ணீர். மீன் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. தலைப்பக்கமாகத்தான் வலையை வைக்க வேண்டும், மீனே உள்ளே வரும். இது அவருக்குத் தெரியும். எத்தனையோ பேருக்குச் சொல்லியும் இருக்கிறார். ஆனால் அவ்வளவு பெரிய மீனை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் கை தன்னிச்சைக்குப் போய்விட்டது. வால் பக்கமாக வலையை வீசி அள்ளினார். மீன் துள்ளி முன்னால் பாய, அதன் வாயோரம் நின்ற கொக்கி வலையின் கண்ணில் போய் மாட்டியது. மீன் ஒரே ஒரு தடவை தலையை உதறியது.

அவ்வளவுதான். கொக்கி வலையில் இருந்தது. மீன் இல்லை.

அவர் தண்ணீரில் நின்றபடியே இருந்தார். மேலே ஏறினால் அத்தனை முகங்களையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும். மண்டப வாசலில் கேட்ட குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். இந்தத் தடவை அதற்கு முழு நியாயமும் உண்டு என்று நினைத்தார்.

சம்பந்தியம்மா கழியைப் படியில் சாய்த்துவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்து அவருக்கு மேல்படியில் உட்கார்ந்தார். கைகள் இரண்டும் சிவந்திருந்தன. அவற்றைத் தண்ணீருக்குள் விட்டு ஆற்றிக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. வேர்வையும், ஏதோ ஒரு ஆவலும்தான் இருந்தது.

"சம்பந்தி, நான் மேலிருந்து பளபளப்பைத்தான் பாத்தேன். கிட்டத்துல முழுசாப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார். "எப்படி இருந்துச்சு? சொல்லுங்க."

அவர் வலையைப் படியில் வைத்தார். பிறகு சொன்னார். கண் சிவப்பும் பொன்னுமாக, அணைந்துகொண்டிருக்கிற கரித்துண்டு மாதிரி இருந்தது என்றார். செதில் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவு இருக்கும் என்றார். மேலுதட்டில் பழைய கொக்கி ஒன்று கிழித்த தழும்பு இருந்தது, இதற்கு முன்பே யாரிடமிருந்தோ தப்பித்த மீன் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அது மறுபடி தெரிந்தது. அந்தம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு சொல்லும் விடாமல்.

"அப்ப கெட்டிக்கார மீனுதான்" என்று கடைசியில் திருப்தியாகச் சொன்னார். "நல்லா இருக்கட்டும்."

மேலே காத்திருந்தவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, கொக்கி விட்டுவிட்டது என்று மட்டும் அந்தம்மா சொன்னார். பொய்யும் இல்லை. பிறகு, கழி பிடித்த ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயர் கேட்டு, கையைப் பிடித்து, நீங்கள் மட்டும் இல்லையென்றால் அது இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று சொன்னார். வீரம் காட்டிய தம்பிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு வெட்கப்பட்டார். டீக்கடைக்காரர் எல்லாருக்கும் டீ கொண்டுவந்தார். மீனே இல்லாமல் ஒரு மீன் விருந்து நடந்தது போல, கலைந்து போக யாருக்கும் மனம் வரவில்லை.

சாயங்காலம் சம்பந்தியம்மா மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். மகளும் மாப்பிள்ளையும் வீடியோவில் வந்தார்கள். அந்தம்மா கதையை நடித்தே காட்டினார். பெயின்டர் நடந்த நடை, காவலாளி விசிலைப் பையில் போட்டது, எல்லாம். மருந்துக்கடைக்காரரின் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதை படிக்கட்டுக்கு வந்ததும், அப்புறம் கொக்கி விட்டுடுச்சு என்று அந்தம்மா சுருக்கமாக முடிக்கப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர், போனைத் தன் பக்கம் திருப்பி. "வலையைப் போட்டது நான். தப்பாப் போட்டேன். அதான் போச்சு."

மகள் திரையில் அப்பாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆமா, அவர்தான் போட்டார்" என்றார் சம்பந்தியம்மா. "அடுத்த வாரமும் அவர்தான் போடப் போறார்."

அந்த வாரம் முழுக்கக் கடையில் கூட்டம் இல்லாத நேரங்களில் மருந்துக்கடைக்காரர் என்ன செய்தார் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். கொல்லைப்புறத் தொட்டியில் காலி மருந்து பாட்டிலை மிதக்கவிட்டு, அதன் முன்பக்கமாக வலையை இறக்கி இறக்கித் தூக்கிக்கொண்டிருந்தார். மனைவி ஒருநாள் பின்னால் வந்து நின்று, பாட்டில் ரொம்ப இழுக்குதா என்று கேட்டார். அவர் திரும்பிப் பார்க்காமல், தொந்தரவு பண்ணாதே என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காற்று அடங்கியிருந்தது. ஆனாலும் இருவரும் முனைப் பாறைக்குப் போகவில்லை. படகுகளுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். வெயில் ஏறும் நேரத்தில் சம்பந்தியம்மாவின் தூண்டிலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீன் மாட்டியது. அப்படியே தூக்கிப் போட்டிருக்கலாம். அந்தம்மா தூக்கவில்லை. மெல்லச் சுற்றி, அங்கே படகுகளுக்கு இறங்கும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக் காத்திருந்தார். மருந்துக்கடைக்காரர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கடைசிப் படிவரை இறங்கினார். அந்தத் துக்கடா மீனின் தலைப்பக்கமாக, அசங்காமல், வலையை நீருக்குள் வைத்தார். மீன் தானாக நீந்தி உள்ளே வந்தது.

படகின் மேல் பெயின்டர் பிரஷ்ஷை உயர்த்திப் பிடித்தார். மஞ்சள் சங்கிலிக்கு அந்தப் பக்கமிருந்து காவலாளி விசிலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினார்.